கல்லில் வைத்தால் உங்களுடையது

சவரக்கத்தி வாங்கிய கதையை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "புதுக் கத்தி அப்படித்தான் இருக்கும், தீட்டித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்." தச்சர் சொல்கிறார், அரிவாள் பட்டறைக்காரர் சொல்கிறார், வெங்காயம் நறுக்கக்கூடக் கத்தியைத் தொடாத என் மைத்துனரும் சொல்கிறார். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. முழுப் பொய் என்றால் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கூர் இல்லாமல் வரும் கத்தி வேறு, கோணலாக வரும் கத்தி வேறு. முதலாவதைத் தீட்டிக்கொள்வது வாங்கியவனின் பொறுப்பு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவதைச் சரிசெய்வது யாருடைய வேலை? அதற்கு ஆகும் கூலியை யார் கணக்கில் எழுதுவது?

நான் சொல்வது மடக்குச் சவரக்கத்தியை. சலூனில் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகிக்கொள்கிறார்களே, அது அல்ல. வாய், அதாவது வெட்டும் விளிம்பு, முழுவதும் ஒரே எஃகாக, கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் பழைய கத்தி. ஆசைக்காக வாங்கவில்லை. நாலைந்து பிளேடு அடுக்கிய ரேசரால் மழித்தால் என் கழுத்தில் முடி தோலுக்குள்ளேயே வளைந்து முளைத்துக் கொப்புளமாகிவிடுகிறது. ஒற்றை வாய்க் கத்திக்கு மாறிப் பாருங்கள் என்று தோல் மருத்துவர் சொன்னார். சலூனுக்கே போயிருக்கலாம். ஆனால் எனக்கு வாய்க்கும் ஓய்வு நாள் செவ்வாய், அன்றுதான் ஆடுதுறையில் சலூன்களுக்கும் ஓய்வு. ஆகவே இணையத்தில் தேடி, தீட்டிய வாயை இழுத்துப் பதப்படுத்தும் தோல்வாரோடு சேர்த்து ஒரு கத்தியை வரவழைத்தேன். "ஜெர்மன் எஃகு, கைவேலை, பிரித்தவுடன் மழிக்கலாம்" என்று விளம்பரம். ஜெர்மன் எஃகு என்ற சொற்களுக்கு அதிகப் பொருள் இல்லை என்பது எனக்குத் தெரியும். கத்திக்குப் பேர்போன சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கு அந்த நாட்டில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்தப் பகுதியில் செய்யாத கத்தியில் அதைப் பொறிக்க முடியாது. எஃகு எங்கிருந்து வந்தது என்று எழுத அப்படி ஒரு தடை இல்லை, எழுதிக்கொள்கிறார்கள். நான் நம்பியது மூன்றாவது வாக்கியத்தை.

பெட்டியிலிருந்து எடுத்தபோது முகம் தெரியும் அளவுக்கு மின்னியது. கட்டைவிரல் நகத்தை நனைத்துக்கொண்டு, கத்தியின் எடையைக்கூட ஏற்றாமல் வாயை நகத்தின் மேல் அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பார்த்தேன். நல்ல வாய் என்றால் முழு நீளத்திலும் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டே நகரும். இது கைப்பிடிக்கு அருகில் ஓரிடத்தில் நறுக்கென்று தடுக்கியது. நடுவில் எதையும் பிடிக்காமல் வழுக்கியது. நுனிக்குப் பக்கத்தில் மறுபடி பிடித்தது. நகைக்கடை நண்பரிடமிருந்து வாங்கிவந்த லென்ஸில் பார்த்தால், தடுக்கிய இடத்தில் ஒரு மூளி. அதைவிட மோசம், வாயை ஒட்டி இருக்க வேண்டிய மெல்லிய சாய்வு. ஒரு பக்கம் நுனியில் அகலமாகத் தொடங்கி, நடுவில் நூலிழையாகி, ஏறக்குறைய காணாமல் போய், அடியில் மறுபடி அகன்றது. மறுபக்கம் இதற்கு நேர்மாறு.

கண்ணாடி மேல் ஆடிய கத்தி

சவரக்கத்தியைத் தீட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. சமையல் கத்திக்கும் உளிக்கும் கையால் கோணம் பிடிக்க வேண்டும், சவரக்கத்திக்கு வேண்டாம். முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்கவைத்தால் போதும். முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தாமே முடிவு செய்துவிடும். பெரும்பாலான கத்திகளில் இருபக்கமும் சேர்த்துப் பதினாறு, பதினேழு பாகை. ஆனால் இந்த சௌகரியம் முழுவதும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: முதுகும் வாயும் முழு நீளத்துக்கும் ஒரே தளத்தில் படிய வேண்டும். காய்ச்சிய எஃகை எண்ணெயில் தோய்க்கும்போது மெல்லிய கத்தி முறுகுவது உண்டு. முறுகியதை அப்போதே நிமிர்த்த வேண்டும், நிமிராததைக் கழித்துப்போட வேண்டும். எவரும் பார்க்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டால் அது என் வீட்டுக்கு வந்துசேரும்.

முறுக்கைக் கண்டுபிடிக்கக் கல் தேவையில்லை, ஒரு கண்ணாடித் துண்டு போதும். மேசை மேல் கிடந்த கண்ணாடியில் கத்தியைப் படுக்கவைத்து நுனியை விரலால் தொட்டேன். டக் என்றது. அடியைத் தொட்டேன். மறுபடி டக். திருப்பிப் போட்டு ஜன்னல் பக்கம் பிடித்தால், நடு வாய்க்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சக் கோடு தெரிந்தது. படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன்.

வந்த பதிலை அப்படியே மனப்பாடமாகச் சொல்ல முடியும். கைவேலை என்பதால் கத்திக்குக் கத்தி சிறு வேறுபாடு இருக்கும். வீட்டுக் கண்ணாடி சமமாக இருக்காது, அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. முறையான தீட்டுகல்லில் வைத்துப் பார்த்தால் சரியாகிவிடும். கல்லில் வைத்த கத்தியைத் திருப்பி எடுப்பதில்லை.

கண்ணாடி சமமாக இருக்காதாம். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை 1959 இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது. இன்று ஜன்னலில் இருப்பதும் மேசை மேல் கிடப்பதும் பெரும்பாலும் அப்படிச் செய்ததுதான். சாதாரண வீட்டில் கிடைக்கும் பொருள்களில் அதைவிடச் சமமான தளம் வேறில்லை. கத்தி தேய்ப்பவர்களில் பலர் தங்கள் கல்லையே கண்ணாடி மேல் மணல்தாள் ஒட்டிச் சமப்படுத்துகிறார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடைசி வரி. கல்லில் வைத்தால்தான் குறை நிரூபணமாகும், கல்லில் வைத்துவிட்டால் குறை உங்களுடையதாகிவிடும். எவ்வளவு யோசித்து எழுதப்பட்ட வரி! 2020 இல் வந்த மின்வணிக விதிகள் இதை அனுமதிக்கவில்லை. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று அவை நேராகவே சொல்கின்றன. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில், குறையைக் காட்டப்போகும் கையே குறைக்குப் பொறுப்பாளியும் ஆகிவிடுகிறது.

கத்தி ஏன் இப்படி மின்னுகிறது என்பதற்கும் விடை கிடைத்தது. என் சித்தப்பா மகன் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறையில் மெருகேற்றும் வேலை செய்கிறான். கத்தியைக் கையில் வாங்கியவன் வாயைப் பார்க்கவேயில்லை, முதுகைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். "துணிச் சக்கரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள் அண்ணா. எங்கள் விளக்குக்கு இது நல்லது, விளிம்பு மழுங்கினால்தான் துடைக்கும்போது கையைக் கிழிக்காது. கத்திக்கு எதற்கு?" என்றான். சக்கரம் மேட்டை மட்டும் பார்த்துத் தேய்ப்பதில்லை, முனையாக எது இருந்தாலும் உருட்டிவிடும். கடைசியில் இந்தக் கத்திக்குக் கிடைத்த வேலையெல்லாம் படத்தில் அழகாகத் தெரிவதற்கான வேலை.

பெரியவரின் கல்

ஆடுதுறையிலிருந்து சற்றுத் தள்ளி, அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான முடிதிருத்தகம் ஒன்று இருக்கிறது. இப்போது மகன் நடத்துகிறார். பெரியவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அவர் முழுக்கத்தியைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. 1986 இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்தப் பயம் ஊர் ஊராகப் பரவியபோது, ஆளுக்கொரு புது பிளேடு என்று கேட்க வாடிக்கையாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அது நியாயமான பயம் என்றுதான் அவரும் சொல்வார். கத்திகளை விற்றுவிட்டார். கல்லை விற்கவில்லை.

அவரிடம் கத்தியைக் கொடுத்து, கண்ணாடிக் கதையையும் பதில் கடிதத்தையும் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. அந்தக் காலத்தில் கும்பகோணம் கடைத்தெருவில் கத்தி வாங்கப் போனால் கடைக்காரர் ஒரு கத்தியை எடுத்து நீட்ட மாட்டாராம். பெட்டியோடு எடுத்து வைப்பாராம். இவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணுக்கு நேரே நீட்டி, வாயின் கோட்டைப் பார்த்து, கடையின் கண்ணாடி மேசையிலேயே படுக்கவைத்து, ஆடாததாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார்களாம். "அப்போதும் கோணல் வரத்தான் செய்யும் தம்பி. ஆனால் அது கடையிலேயே தங்கிவிடும்" என்றார்.

தங்கிவிட்டதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். பார்க்கத் தெரியாதவர்கள் என்றார்.

பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய தன் கல்லை எடுத்து வந்தார். நான் புதிதாக வாங்கி வைத்திருந்த கல்லையும் கொண்டுபோயிருந்தேன். மூன்று விரற்கடைக்கும் மேல் அகலம், கல்லின் நயத்தைக் குறிக்க ஒருபக்கம் ஆயிரம், மறுபக்கம் ஆறாயிரம் என்று எண் போட்டது. அதைத் தடவிப் பார்த்து, நல்ல கல் என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார். அவருடையது இரண்டு விரல் அகலம்தான். பல ஆண்டுப் புழக்கத்தில் ஓரங்கள் தேய்ந்து நடு மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது. முறுகிய கத்தி அகலமான கல்லில் மேடான இடங்களில் மட்டும் படும். குழிந்த இடத்துக்குக் கல் எட்டாது. ஒடுங்கிய கல் என்றால் ஒரு நேரத்தில் வாயின் சிறு பகுதிதான் அதன் மேல் இருக்கும், அதனால் நெளிவுக்குள்ளும் போய்வரும். அகலமான கல்லையே சரியான கல் என்று நினைத்து வாங்கியிருந்த எனக்கு இதைக் கையில் பார்த்தபோதுதான் விளங்கியது.

மகனிடம் கேட்டு ஒரு மார்க்கர் பேனா வாங்கி, சாய்வு முழுவதும் கறுப்பு மையைப் பூசினார். சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் எடுத்துக் கல்லில் தடவினார். கத்தியைக் கல்லுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வைக்கவா?"

கடிதத்தின் கடைசி வரி அவருக்கும் நினைவிருந்தது. அந்த ஒரு விரற்கடை இடைவெளியில் நான் யோசித்ததை இப்போதும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். வேண்டாம் என்றால் கத்தி பெட்டிக்குள் போகும், கூரியரில் போகும், சண்டை போட்டு இன்னொன்று வரும். அதே சக்கரத்திலிருந்து இறங்கிய, அதே எண்ணெயில் முறுகிய இன்னொன்று. சரி என்றால் கத்தி பிழைக்கும், வாதம் பலவீனப்படும். நான் பெருந்தன்மையால் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முழுக்கத்தியைப் பிடித்திருந்த அந்தக் கை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான் முந்திக்கொண்டது. கண்ணாடி மேல் எடுத்த படங்கள் தேதியோடு கைப்பேசியில் இருக்கின்றன என்ற தைரியமும் கொஞ்சம் இருந்தது. வையுங்கள் ஐயா என்றேன்.

முதலில் வேண்டுமென்றே என் அகலமான கல்லில் ஒரு இழுப்பு. வாய் முன்னே போக, அடியில் தொடங்கி நுனியில் முடியும் குறுக்கு இழுப்பு. முடிவில் முதுகின் மேல் உருட்டித் திருப்பி மறுபக்கம். பிறகு கத்தியைத் துடைத்துக் காட்டினார். நுனியிலும் அடியிலும் மை போயிருந்தது. நடுவில், பரம்பு சரியாக ஓடாத வயலில் பள்ளம் பார்த்துத் தண்ணீர் நிற்பதுபோல, மை அப்படியே நின்றது. திருப்பினால் நடுவில் மட்டும் சுத்தம், இரு முனையிலும் கறுப்பு. இதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். பிறகு தன் கல்லுக்கு மாறினார். மை தீரத் தீர மறுபடி பூசி, எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்துக்கு மட்டும் மணிக்கட்டைச் சற்றே தாழ்த்தி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இழுத்தார். மேட்டில் சரசரப்பு, குழியில் மௌனம். சரசரப்பு முழு நீளத்துக்கும் ஒன்றானபோது லென்ஸ் இல்லாமலேயே நிறுத்திவிட்டார்.

மூளிக்காக அவர் வாயைத் தேய்த்து இறக்கவில்லை. எஃகில் ஒரு பள்ளத்தை எடுக்க வேண்டும் என்றால் அந்த ஆழத்துக்கு வாய் முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். கத்தியின் ஆயுளில் பாதி அதிலேயே போய்விடும். விட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. 2020 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு, முடியைவிடச் சுமார் ஐம்பது மடங்கு கடினமான எஃகுகூட முடியால் உடைபடுகிறது என்று மின்னணு நுண்ணோக்கியின் அடியில் காட்டியிருக்கிறது. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி வளைந்துகொடுக்கும் கோணத்தில் உடைசல் தொடங்குகிறதாம். நல்ல வாய்க்கே இந்தக் கதி. பெரியவரின் வழி எளிமையாக இருந்தது. மூளி இருந்தது கைப்பிடியை ஒட்டிய மூலையில். அந்த மூலையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து வளைவாக்கிவிட்டார். மூளி இருந்த எஃகே இப்போது இல்லை. "அந்த இடம் கன்னத்துக்கு வராது" என்றார். தோல்வாரில் முதுகு முன்னே போக இழுத்து, முன்கையில் ஈரமில்லாத மயிரை வழித்துக் காட்டி, துணியால் துடைத்து மடக்கினார்.

கூலி

எவ்வளவு தர வேண்டும் என்றதற்குப் பெரியவர் கையை வீசினார். இதற்கெல்லாம் கூலியா, கத்தி என்றால் தீட்டித்தானே ஆக வேண்டும் என்றார். எல்லாரும் சொன்ன அதே பதில், இப்போது வேறொரு வாயிலிருந்து வந்தது. அவர் சொன்னபோதுதான் அந்தப் பதிலின் ஊற்று எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சவரத்தொழிலாளிக்கு அறுவடைக்கு அறுவடை களத்தில் நெல் அளந்துவிட்டு ஆண்டு முழுவதும் வேலை வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த நெல்லில் சவரம் அடக்கம், சாவு வீட்டு வேலை அடக்கம், கல்யாண வீட்டு வேலை அடக்கம். கத்தி தீட்டும் வேலையோ கணக்கிலேயே வராதது. இரவில் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் கோணலை நிமிர்த்தியதை எந்த மிராசுதாரும் பார்த்ததில்லை. புதுக் கத்தி அப்படித்தான் இருக்கும் என்று ஊர் சாதாரணமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதை நேராக்கிய கைக்கு ஊர் தனியாக எதுவும் கொடுக்கவில்லை என்பதுதான். அந்த இலவச உழைப்பின் மேல்தான் இன்று விற்பவரும் நிற்கிறார். களத்து நெல்கூட அவர் அளப்பதில்லை.

மகன் அப்பாவைப்போல் கையை வீசவில்லை. "முந்நூறு கொடுங்கள் சார்" என்றார். முந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டேன். சலூனில் ரசீது கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைப் பெயர் அச்சிட்ட பழைய காலண்டர் தாளின் பின்புறம், ‘புதுச் சவரக்கத்தி கோணல் எடுத்த கூலி’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். ஆடிய படங்கள், நின்ற மையின் படம், ரசீது மூன்றையும் இணைத்து விற்றவருக்கு அனுப்பினேன். நகலை நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் பதிந்து அங்கேயும் சேர்த்தேன். கத்தியின் விலையைக் கேட்கவில்லை. கூலியை மட்டும் கேட்டேன்.

கத்தி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கன்னத்தில் நன்றாகவே போகிறது. மோவாயின் கீழே, நுனியால் மழிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. முறுக்கு போகவில்லை, வாய் மட்டும்தான் அதற்கு இணங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அதே ஒடுங்கிய கல் வேண்டும். கழுத்துக் கொப்புளம் பெருமளவு அடங்கிவிட்டது.

விற்றவரிடமிருந்து பணம் வரவில்லை. முந்நூறு ரூபாய்க்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது, அடுத்த கத்தி வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று. அனுப்புமுன் கண்ணாடியில் படுக்கவைத்து ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா என்று கேட்டு எழுதினேன். அப்படி ஒரு வசதி இல்லையாம்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் வேறு வழி சொன்னார். நான்கு கத்தியாக வரவழையுங்கள், நான்கையும் கண்ணாடியில் போட்டுப் பாருங்கள், ஆடாததை வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்பி அனுப்புங்கள். கடைத்தெருவில் நாங்கள் செய்தது அதுதானே என்றார். கல்லில் வைக்காத கத்தி, திருப்பி எடுக்க மாட்டேன் என்று அவர்களாலும் சொல்ல முடியாது. திருப்பி அனுப்பும் மூன்றும் யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டேன்.

"கண்ணாடியில் வைத்துப் பார்க்காதவர் வீட்டுக்கு" என்றார்.

மகன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூப்பனுக்கு இந்த மாதக் கடைசிவரை கெடு இருக்கிறது.